ஃபார்முலா மேல் விழுந்த 18.5: ஓர் ஓவர்டைம் ஷீட்டின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சுமார் 40 பேர் வேலை பார்க்கும் ஓர் அலுவலகம். யார், எந்த ஊர், என்ன தொழில் என்பதெல்லாம் இங்கே தேவையில்லை, ஏனென்றால் இது எங்கே வேண்டுமானாலும் நடந்திருக்கக்கூடிய ஒன்று. ஒவ்வொருவரும் தினமும் எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள் என்பதை ஓர் எக்செல் ஃபைலில் பதிவு செய்வார்கள். மாதத்துக்கு ஒரு ஷீட், ஆளுக்கு ஒரு வரிசை. பெயருக்குப் பக்கத்தில் 31 நாளுக்கும் 31 செல், அதைத் தாண்டினால் ஃபார்முலா உள்ள இரண்டு நெடுவரிசைகள்: மொத்த நேரம், ஓவர்டைம். ஒரு நாளில் 8 மணி நேரத்தைத் தாண்டி வேலை செய்த நேரம் மட்டும் ஓவர்டைமாகக் கூடும். அந்த 8 என்ற எண் தனியாக 'அமைப்பு' என்ற ஷீட்டில் ஒரு செல்லில் இருந்தது.

நேரங்களை உள்ளிடுவது நான்கு மேற்பார்வையாளர்கள். ஃபைல் எல்லோருக்கும் பொதுவான ஃபோல்டரில் இருந்தது, ஒரு நேரத்தில் ஒருவர் திறந்து எழுதுவார். மாதக் கடைசியில் ஷீட்டை பிடிஎஃப் ஆக்கி சம்பளப் பிரிவுக்கு அனுப்புவார்கள். அடுத்த மாதத்துக்கான ஷீட் எப்படி உருவாகும்? இந்த மாத ஷீட்டையே காப்பி எடுத்து, பெயரை மாற்றி, நாட்களுக்கு உரிய செல்களை மட்டும் அழித்துவிடுவார்கள். பல வருடமாக இப்படித்தான் ஓடியது, யாரும் குறை சொன்னதில்லை.

அந்த ஃபைலை முதலில் உருவாக்கியவர் எப்போதோ வேறு வேலைக்குப் போய்விட்டார். எனக்கு எக்செல் கொஞ்சம் தெரியும் என்பதால் அது என் தலையில் விழுந்தது. ஃபைலில் எந்தப் பூட்டும் கிடையாது, எந்த செல்லில் வேண்டுமானாலும் யாரும் எழுதலாம்.

பிரச்சினை தெரியவந்த விதம்

கண்டுபிடித்தது நாங்கள் இல்லை. ஊழியர் ஒருவர் தன் மூன்று மாத விவரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். மூன்றிலும் ஓவர்டைம் 18.5 மணி நேரம். "போன மாதம் நான் அவ்வளவு நேரம் இருக்கவே இல்லை, இந்த மாதம் அதைவிட அதிகம் இருந்தேன், எப்படி ஒரே எண் வருகிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

ஷீட்டைத் திறந்து அவருடைய ஓவர்டைம் செல் மேல் கிளிக் செய்தேன். மேலே ஃபார்முலா பட்டையில் ஃபார்முலாவைக் காணோம். வெறுமனே 18.5 என்று டைப் செய்யப்பட்டிருந்தது. நாட்களைக் கூட்டிப் பார்த்ததில் இரண்டாவது மாதம் உண்மையில் 11 மணி நேரம், மூன்றாவது மாதம் 24. அதாவது ஒரு மாதம் 7.5 கூடுதல், அடுத்த மாதம் 5.5 குறைவு. மூன்று மாதத்தையும் சேர்த்துக் கூட்டினால் வித்தியாசம் 2 மணி நேரம்தான். ஆண்டுக் கணக்கை மட்டும் பார்த்திருந்தால் இது யார் கண்ணிலும் பட்டிருக்காது.

முதல் மாதத்துக்கு அந்த 18.5 சரியான விடை என்பதுதான் இதில் வேடிக்கை. ஃபார்முலா அந்த மாதம் 16.5 என்று காட்டியிருக்கிறது. ஆனால் அந்த ஊழியர் ஒரு நாள் நள்ளிரவைத் தாண்டி 2 மணி நேரம் கூடுதலாக இருந்தார். அந்த 2 மணி நேரம் தேதி மாறிவிட்டதால் அடுத்த நாள் செல்லில் பதிவாகியிருக்கிறது, அடுத்த நாள் அவர் வேலைக்கும் வரவில்லை, 2 என்பது 8-ஐத் தாண்டாததால் ஃபார்முலா அதை ஓவர்டைமாக எண்ணவில்லை. மேற்பார்வையாளருக்கு இது தெரியும், சரியான எண்ணும் தெரியும். எழுத வேறு இடம் இல்லை, எனவே ஃபார்முலா மேலேயே எழுதிவிட்டார். அவர் நல்ல எண்ணத்தில் சரியான எண்ணைத்தான் எழுதினார் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் நாங்கள் செய்த முதல் தவறே இதை மறந்ததுதான். அடுத்த மாதம் ஷீட்டைக் காப்பி எடுத்தபோது 18.5-ம் கூடவே வந்துவிட்டது. நாட்களை அழித்தவர்கள் ஓவர்டைம் நெடுவரிசையைத் தொடவில்லை. அங்கே ஃபார்முலாதானே இருக்கிறது, தொடக்கூடாது என்றுதான் அவர்களுக்குச் சொல்லியிருந்தோம்.

மற்ற செல்களில் கண்டது

ஒன்று இருந்தால் இன்னும் இருக்கும் என்று தோன்றியது. கன்ட்ரோல் விசையோடு எண் 1-க்கு இடப்பக்கம் உள்ள விசையை அழுத்தினால் எக்செல் விடைகளுக்குப் பதிலாக ஃபார்முலாக்களையே காட்டும், அப்படி ஒரு முறை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்தேன். 40 வரிசைக்கே கண் சோர்ந்துவிட்டது. அப்புறம்தான் எஃப்5 அழுத்தி வரும் பெட்டியில் 'ஸ்பெஷல்' என்பதற்குள் போய், இரண்டு நெடுவரிசைகளை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொண்டு 'கான்ஸ்டன்ட்ஸ்' என்று கொடுத்தேன். ஃபார்முலா இல்லாமல் நேரடியாக டைப் செய்த செல்களை மட்டும் அது தேர்ந்தெடுத்துத் தரும். 80 செல்லில் 7 செல் அப்படி இருந்தன.

ஏழையும் எடுத்துக்கொண்டு நான்கு மேற்பார்வையாளர்களிடமும் போய் உட்கார்ந்தேன். மூன்று செல்களுக்குக் காரணம் சொன்னார்கள், மூன்றும் நள்ளிரவுப் பிரச்சினைதான். மீதி நான்கைப் பற்றி யாருக்கும் நினைவில்லை. ஒன்றில் ஸ்பேஸ் மட்டும் இருந்தது, யாரோ 'அழிப்பதற்காக' ஸ்பேஸ் பாரைத் தட்டியிருக்கிறார்கள். மற்றவை கை தவறியதா, வேண்டுமென்றே எழுதியதா, எந்த வருடத்து மிச்சம் என்று சொல்லவே முடியவில்லை. பழைய ஷீட்டுகளில் பின்னோக்கிப் போய்ப் பார்த்ததில் ஒரு செல் எட்டு மாதமாக அப்படியே இருந்தது. வேறு ஒரு குழுவுக்குப் போய்விட்ட ஒருவரின் வரிசை அது, அதனால் யாரையும் பாதிக்கவில்லை.

சம்பளப் பிரிவுக்கு ஏன் தெரியவில்லை என்றால், அவர்கள் கையில் இருந்தது பிடிஎஃப். அதில் எண் மட்டும்தான் தெரியும், அந்த எண் எப்படி வந்தது என்று தெரியாது. 18.5 என்பது நம்பக்கூடிய எண்ணும்கூட. 185 என்றிருந்தால் முதல் நாளே மாட்டியிருக்கும். பொருளாதார அறிஞர்கள் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் 2010-ல் வெளியிட்ட கடன்-வளர்ச்சிக் கட்டுரையில் சராசரி எடுக்கும் ஃபார்முலா ஐந்து நாடுகளை விட்டுவிட்டிருந்தது 2013-ல்தான் வெளியே வந்தது, அதுவும் தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆராய்ச்சி மாணவர் அவர்களிடமே மூல எக்செல் ஃபைலைக் கேட்டு வாங்கித் திறந்து பார்த்த பிறகு. அச்சில் வந்த எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த வகைத் தவறு தெரியாது. எங்கள் விஷயம் அதற்குப் பக்கத்தில் கடுகளவுதான், ஆனால் மறைந்திருந்த விதம் ஒன்றுதான்.

முதல் முடிவு: எல்லாவற்றையும் பூட்டினோம்

சொன்னால் வெட்கமாக இருக்கிறது, நான் முதலில் செய்தது கோபத்தில் செய்தது. ஏழு செல்லிலும் ஃபார்முலாவைத் திரும்பப் போட்டு, ஷீட்டை பாஸ்வேர்டோடு பூட்டிவிட்டேன்.

எக்செல்லில் பூட்டு இரண்டு படியாக வேலை செய்யும், இது பலரைக் குழப்பும். ஒவ்வொரு செல்லுக்கும் 'லாக்டு' என்று ஒரு குணம் உண்டு, கன்ட்ரோல்+1 அழுத்தி 'புரொடெக்ஷன்' பக்கத்தில் பார்க்கலாம். புது ஷீட்டில் எல்லா செல்லுமே ஆரம்பத்திலிருந்தே லாக்டுதான். ஆனால் ரிவ்யூ மெனுவில் 'புரொடெக்ட் ஷீட்' கொடுக்கும் வரை அந்தக் குணத்துக்கு எந்தப் பலனும் இல்லை. எனவே 'ஃபார்முலா செல்களைப் பூட்டுவது' என்று நாம் சொல்வது உண்மையில் தலைகீழ் வேலை: எழுத விட வேண்டிய செல்களின் பூட்டை முதலில் எடுத்துவிட்டு, அப்புறம் மொத்த ஷீட்டுக்கும் பாதுகாப்பைப் போட வேண்டும். (லிப்ரேஆஃபீஸ் கால்க்கிலும் இதே ஏற்பாடுதான்.) நான் நாட்களுக்கு உரிய செல்களை மட்டும் திறந்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் பூட்டினேன். பெயர் நெடுவரிசையும் அதில் மாட்டிக்கொண்டது.

இரண்டு வாரம் அமைதி. பிறகு வரிசையாக வந்தது.

புதிதாக ஒருவர் சேர்ந்தார், அவருக்கு வரிசை சேர்க்க முடியவில்லை. பாதுகாக்கப்பட்ட ஷீட்டில் வரிசை சேர்க்க அனுமதி கொடுக்கலாம்தான், ஆனால் கொடுத்தாலும் பெரிய பயன் இல்லை, ஏனென்றால் புது வரிசையில் ஃபார்முலா தானாக வராது, அந்த செல்களும் மேலே உள்ளதைப் பார்த்துப் பூட்டியே வரும். பெயர்களை அகர வரிசைப்படுத்த முடியவில்லை. சார்ட், அதாவது வரிசைப்படுத்தல், செய்ய அனுமதி என்று ஒரு டிக் இருக்கிறது, அதைக் கொடுத்தேன், அப்படியும் மறுத்தது. வரிசைப்படுத்தும் பரப்பில் ஒரு பூட்டிய செல் இருந்தாலும் எக்செல் சார்ட் செய்யாது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். அந்த வாரம் பார்த்து நான் மூன்று நாள் விடுப்பு. பாஸ்வேர்டு என் ஒருவனுக்குத்தான் தெரியும்.

மாதக் கடைசி வந்தது, நள்ளிரவுக் கதையும் மறுபடி வந்தது. ஒரு மேற்பார்வையாளர் ஓர் ஊழியருக்கு 2 மணி நேரம் சேர்க்க வேண்டும், எங்கே எழுதுவது? அவர் மொத்த ஷீட்டையும் தேர்ந்தெடுத்துக் காப்பி செய்து ஒரு புது ஃபைலில் பேஸ்ட் செய்தார். அப்படிச் செய்தால் பூட்டு கூட வராது, ஃபார்முலா எல்லாம் வந்துவிடும். அந்த ஃபைலில் தனக்கு வேண்டியதைத் திருத்தி, அதிலிருந்து பிடிஎஃப் எடுத்துச் சம்பளப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார். அவர் அனுப்பியது தெரியாமல் இன்னொருவர் மூல ஃபைலிலிருந்தும் ஒன்று அனுப்பினார். சம்பளப் பிரிவிலிருந்து "எதை எடுத்துக்கொள்வது?" என்று கேட்டு வந்தபோதுதான், நான் பூட்டியதற்கு முன்பு எங்களிடம் ஏழு தவறான செல் உள்ள ஒரு ஃபைல் இருந்தது, இப்போது ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு ஃபைல் இருக்கிறது என்பது புரிந்தது.

அந்த மேற்பார்வையாளரிடம் கொஞ்சம் கடுமையாகத்தான் போய்க் கேட்டேன். அவர் சொன்னது: "நீங்கள் கதவைப் பூட்டினீர்கள், ஆனால் வழி அதுதான் ஒன்றே ஒன்று." அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இரண்டாவது முடிவு: எழுத இடம் கொடுத்துவிட்டுப் பூட்டுவது

இந்த முறை எக்செல்லைத் திறப்பதற்கு முன்பே நால்வரோடும் உட்கார்ந்து, ஃபார்முலா செல்லைத் தொட வேண்டிய தேவை எப்போதெல்லாம் வருகிறது என்று கேட்டு எழுதிக்கொண்டேன். ஒரு மணி நேரத்தில் முடிந்தது. மூன்று சந்தர்ப்பம்தான்: நள்ளிரவு தாண்டிய வேலை, புது ஆள் சேர்வது, எப்போதாவது சம்பளப் பிரிவு கேட்டுச் செய்யும் பின்தேதித் திருத்தம்.

முதலாவதற்கும் மூன்றாவதற்கும் சேர்த்து இரண்டு புது நெடுவரிசைகள் வைத்தோம்: 'சரிக்கட்டல்', 'காரணம்'. இரண்டும் திறந்த செல்கள். அதற்கு அடுத்து 'இறுதி ஓவர்டைம்' என்று ஒரு ஃபார்முலா நெடுவரிசை, ஃபார்முலா சொன்ன ஓவர்டைமையும் சரிக்கட்டலையும் கூட்டும். சரிக்கட்டலில் எண் இருந்து காரணம் காலியாக இருந்தால் அந்த வரிசை சிவப்பாகும்படி நிபந்தனை நிறம் வைத்தோம். கேட்பதற்கு அற்பமாக இருக்கும், ஆனால் இந்த மொத்த வேலையில் பெரும்பங்கு பலன் இந்த இரண்டு நெடுவரிசைகளால்தான் வந்தது. விதிவிலக்கை எழுத ஓர் இடம் கிடைத்ததும் ஃபார்முலாவைத் தொடுகிற தேவையே யாருக்கும் இல்லாமல் போயிற்று.

புது ஆட்களுக்காக 10 காலி வரிசைகளை முன்கூட்டியே ஃபார்முலாவோடு வைத்தோம், பெயர் எழுதும் வரை விடை வெறுமையாகவே தெரியும். பெயர் செல்களும் திறந்தவை. ஆக 50 வரிசை.

போன மாத ஷீட்டைக் காப்பி எடுக்கும் வழக்கத்தை நிறுத்தினோம். சுத்தமான ஒரு ஷீட்டிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே நாளில் ஷீட்டுகளை உருவாக்கிவிட்டு, 'புரொடெக்ட் வொர்க்புக்' மூலம் கட்டமைப்பையும் பூட்டினோம். அதற்குப் பிறகு ஷீட்டைச் சேர்க்கவோ, காப்பி எடுக்கவோ, பெயர் மாற்றவோ, அழிக்கவோ முடியாது. 18.5 ஒரு மாதத்திலிருந்து அடுத்த மாதத்துக்குத் தாவிய பாலம் இப்படித்தான் அடைபட்டது. 'அமைப்பு' ஷீட் முழுவதும் பூட்டு, அதில் யாருக்கும் வேலை இல்லை.

எழுதும் செல்லுக்கு வெளிர் மஞ்சள், ஃபார்முலாவுக்குச் சாம்பல் நிறம். பூட்டிய செல்லைக் கிளிக் செய்யவும் விடக்கூடாது என்று ஒரு கருத்து வந்தது, நான் மறுத்துவிட்டேன். கிளிக் செய்தால்தான் ஃபார்முலா என்ன என்று பார்க்க முடியும், பார்க்க முடியாத கணக்கை யாரும் நம்ப மாட்டார்கள். டேப் விசை பாதுகாக்கப்பட்ட ஷீட்டில் திறந்த செல்களுக்கு மட்டுமே தாவும் என்பது எங்களுக்கு இலவசமாகக் கிடைத்த லாபம், நேரம் உள்ளிடுவது முன்பைவிட வேகமாகிவிட்டது என்று அவர்களே சொன்னார்கள்.

பாஸ்வேர்டு இனி இல்லை என்றும் முடிவு செய்தோம். இதில்தான் அதிக விவாதம். பாஸ்வேர்டு இல்லாத பூட்டு எதற்கு என்று ஒருவர் கேட்டார். நாங்கள் தடுக்க நினைப்பது திருடனை இல்லை, கை தவறுதலை. தவறுதலாக எழுதப் போகிறவர் ஒரு எச்சரிக்கைப் பெட்டியைப் பார்த்ததும் நின்றுவிடுவார். வேண்டுமென்றே மாற்ற நினைப்பவரை ஷீட் பாஸ்வேர்டு எப்படியும் நிறுத்தாது, காப்பி-பேஸ்ட்டில் அது போய்விட்டதை நாங்களே பார்த்தோம். ஷீட் பாதுகாப்பை ஒரு பாதுகாப்பு அரணாக எண்ண வேண்டாம் என்று மைக்ரோசாஃப்டே தன் உதவிக் குறிப்பில் சொல்கிறது. பாஸ்வேர்டை மறந்தாலோ அவர்களாலும் மீட்டுத் தர முடியாது. ஃபைலைத் திறக்கவே விடாமல் என்கிரிப்ட் செய்வது வேறு, இது வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பூட்டை யாராவது எடுத்துவிட்டு மறந்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு ஒரு காவல் செல் வைத்தோம். எக்செல் 2013-லிருந்து 'இஸ்ஃபார்முலா' என்று ஒரு ஃபங்ஷன் உண்டு, ஒரு செல்லில் ஃபார்முலா இருக்கிறதா இல்லையா என்று அது சொல்லும். அதை, பெருக்கிக் கூட்டித் தரும் சம்புராடக்ட் ஃபங்ஷனுக்குள் போட்டால் ஒரு பரப்பில் எத்தனை ஃபார்முலா உயிரோடு இருக்கிறது என்று எண்ணிவிடலாம். 50 வரிசை, 3 ஃபார்முலா நெடுவரிசை, ஆக 150. ஷீட்டின் மேலே ஒரு செல் 150 இருந்தால் பச்சை, ஒன்று குறைந்தாலும் சிவப்பு. அந்த செல்லும் பிடிஎஃப்-ல் வரும்படி வைத்தோம், சிவப்பாக இருந்தால் வாங்கிக்கொள்ள வேண்டாம் என்று சம்பளப் பிரிவிடம் சொன்னோம்.

நாட்களுக்கான செல்களில் டேட்டா வேலிடேஷனும் வைத்தோம், 0 முதல் 24 வரை உள்ள எண் அல்லது விடுப்புக் குறி மட்டும் ஏற்கும்.

பூட்டு தடுக்காதவை

இரண்டாவது ஏற்பாடு வந்த மூன்றாம் மாதம், ஒரு வரிசையின் இறுதி ஓவர்டைமில் ரெஃப் பிழை தெரிந்தது (ஃபார்முலா சுட்டிய செல் இல்லாமல் போனால் எக்செல் காட்டும் #REF!). காவல் செல்லோ பச்சையாக 150 காட்டிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். மேற்பார்வையாளர் ஒரு சரிக்கட்டலை 19-ஆம் வரிசையில் எழுத, அது 20-ஆம் வரிசைக்காரருடையது என்று பிறகு பார்த்திருக்கிறார். உடனே அந்த செல்லை கட் செய்து கீழே பேஸ்ட் செய்தார். யாரும் செய்யும் காரியம். ஆனால் எக்செல்லில் காப்பி வேறு, கட் வேறு. கட் செய்து நகர்த்தினால் அந்த செல்லைச் சுட்டும் ஃபார்முலாக்களும் அதன் பின்னாலேயே போகும். எனவே 19-ஆம் வரிசையின் ஃபார்முலா இப்போது 20-ஆம் வரிசையின் சரிக்கட்டலைச் சுட்டியது. 20-இன் ஃபார்முலா சுட்டிக்கொண்டிருந்த செல் மேல் வேறு ஒன்று வந்து உட்கார்ந்ததால் அது ரெஃப் பிழை ஆனது. பூட்டிய செல்லில் உள்ள ஃபார்முலா, பூட்டு திறக்காமலேயே மாறிவிட்டது! இரண்டு சரிக்கட்டல் செல்களும் திறந்தவை, எனவே எக்செல் பார்வையில் எந்த விதியும் மீறப்படவில்லை. ஃபார்முலா ஃபார்முலாவாகவே இருந்ததால் காவல் செல்லும் வாய் திறக்கவில்லை.

சரிசெய்யப் போன நான் இன்னொரு தவறு செய்தேன். ரெஃப் பிழை உள்ள செல்தானே கெட்டிருக்கிறது என்று, மேலே 19-இல் இருந்து ஃபார்முலாவைக் கீழே இழுத்துவிட்டேன். பிழை மறைந்தது. ஆனால் 19-இல் இருந்த ஃபார்முலாவே ஒரு வரிசை தள்ளிப்போனது, எனவே நான் இழுத்தது 21-ஐச் சுட்ட ஆரம்பித்தது. 19-ஆம் ஆளுக்கு அவருக்கு உரியதல்லாத 2 மணி நேரம், 20-ஆம் ஆளுக்கு ஒன்றுமில்லை. பிழை என்று கத்திய செல்லுக்குப் பக்கத்தில் சத்தமே போடாமல் ஒன்று தவறாக இருந்தது. காரணம் நெடுவரிசையில் 'நள்ளிரவு' என்ற சொல் ஒரு பெயருக்கு எதிரிலும் கூடுதல் நேரம் வேறு பெயருக்கு எதிரிலும் இருந்ததை மேற்பார்வையாளர்தான் பார்த்துச் சொன்னார். கனடாவின் டிரான்ஸ்ஆல்டா மின் நிறுவனம் 2003-ல் கட்-பேஸ்ட் தவறு ஒன்றால் வரிசை மாறி ஏலம் கேட்டு 2.4 கோடி அமெரிக்க டாலர் இழந்த கதையை நான் முன்பே படித்திருந்தேன். படித்திருந்தும் இழுத்தேன்.

தீர்வாக, இறுதி ஓவர்டைம் ஃபார்முலா சரிக்கட்டல் செல்லை நேரடியாகச் சுட்டுவதை நிறுத்தினோம். அதற்குப் பதிலாக இண்டெக்ஸ் ஃபங்ஷன் வழியாக, 'சரிக்கட்டல் நெடுவரிசை முழுவதையும் எடுத்துக்கொள், அதில் இந்த ஃபார்முலா இருக்கும் வரிசை எண்ணில் உள்ளதைக் கொடு' என்று எழுதினோம். முழு நெடுவரிசையைச் சுட்டும்போது அதற்குள் எந்த செல்லை எங்கே நகர்த்தினாலும் சுட்டுதல் மாறாது. கட் செய்யாதீர்கள் என்று நால்வருக்கும் சொல்லவும் செய்தோம், ஆனால் பழக்கத்தை நம்பி ஷீட் நடத்த முடியாது.

பேஸ்ட்டும் தொல்லை கொடுத்தது. ஒருவர் தன் சொந்தக் குறிப்பு ஃபைலிலிருந்து ஒரு வாரத்து நேரங்களைக் காப்பி செய்து இங்கே பேஸ்ட் செய்தார். மறுநாள் அந்த செல்களைத் திருத்தப் போனால் பூட்டியிருந்தது! அவருடைய ஃபைலில் எல்லா செல்லும் இயல்பாக லாக்டு, சாதாரண பேஸ்ட் அந்தக் குணத்தையும் நிறத்தையும் சேர்த்தே கொண்டுவந்துவிட்டது. வேலிடேஷனையும் பேஸ்ட் அழித்துவிடும், 0 முதல் 24 என்ற விதி டைப் செய்பவரைத்தான் தடுக்குமே தவிர பேஸ்ட் செய்பவரை இல்லை. மதிப்பை மட்டும் பேஸ்ட் செய்யச் சொல்லிக் கொடுத்தோம், புதிய எக்செல்லில் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+வி. இது ஓரளவுதான் பழக்கத்தில் வந்திருக்கிறது. மாதக் கடைசியில் 24-ஐத் தாண்டிய எண் இருக்கிறதா என்று பார்க்க, விதிக்கு ஒவ்வாத செல்களை வட்டமிட்டுக் காட்டும் 'சர்க்கிள் இன்வாலிட் டேட்டா'வை நம்ப முடியாது, வேலிடேஷனே போயிருந்தால் அது எதை வட்டமிடும்? தனி நிபந்தனை நிறம் ஒன்று வைத்தோம், அதுவும் பேஸ்ட்டில் சிதறும் என்பதால் கடைசியில் மேலே ஒரு எண்ணிக்கை செல்லாகவே போட்டோம்.

விளைவு

18.5 வந்த ஊழியருக்கும், தவறான செல் இருந்த மற்றவர்களுக்கும் கடந்த மாதங்களின் நேரம் மறுபடி கணக்கிட்டுச் சம்பளப் பிரிவுக்குக் கொடுக்கப்பட்டது. கூடுதலாகப் போனதைத் திரும்பக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகான ஒன்பது மாதத்தில் காவல் செல் இரண்டு முறை சிவப்பானது. இரண்டிலும் யாரோ பூட்டை எடுத்துவிட்டுத் திரும்பப் போட மறந்திருந்தார்கள், அந்தச் சமயத்தில் ஒரு செல் அழிந்தது. இரண்டும் அதே நாளில் சரியானது. ஃபார்முலா மேல் எண் எழுதிய செல் ஒன்றுகூட மாதக் கடைசி வரை போகவில்லை. தனி ஃபைல் வைத்துக்கொள்வதும் நின்றது, அதை நிறுத்தச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை.

குறை இல்லாமல் இல்லை. அகர வரிசைப்படுத்த இன்னும் முடியாது, ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு முறை நான் செய்து கொடுக்கிறேன், நடுவில் சேர்பவர்கள் கடைசியில் நிற்கிறார்கள். இதை எக்செல் டேபிளாக மாற்றலாமா என்று பார்த்தோம், பாதுகாக்கப்பட்ட ஷீட்டில் டேபிள் தானாக நீளாது என்பதால் விட்டுவிட்டோம்.

மறுபடி செய்தால் மாற்றுவது

பூட்டுவதற்கு முன்பே பேசியிருப்பேன். ஒரு மணி நேர உரையாடலை முதலிலேயே நடத்தியிருந்தால் இரண்டு ஃபைல் குழப்பம் வந்திருக்காது. டைப் செய்யப்பட்ட ஏழு செல்லில் மூன்றுக்கு ஒரே காரணம் என்று தெரிந்த உடனேயே, இது கவனக்குறைவு மட்டும் இல்லை என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

புது ஷீட்டைக் கொடுப்பதற்கு முன் ஒருவரை உட்கார வைத்து அதை உடைக்கச் சொல்லியிருப்பேன்: கட் செய், வேறு ஃபைலிலிருந்து பேஸ்ட் செய், செல்லைப் பிடித்து இழு, ஸ்பேஸ் தட்டு. நான் சோதித்தது எல்லாம் ஃபார்முலா செல்லில் எழுத முடிகிறதா என்பதை மட்டும்தான்.

காவல் செல்லின் குருட்டுப் புள்ளியையும் முன்பே யோசித்திருக்கலாம். ஃபார்முலாவின் கடைசியில் யாராவது +2 என்று சேர்த்தாலும் அது ஃபார்முலாதான், எண்ணிக்கை 150-ஆகவே இருக்கும். இப்போது மாதம் ஒரு முறை ஆர்1சி1 முறைக்கு (சுட்டும் செல் இங்கிருந்து எத்தனை வரிசை, எத்தனை நெடுவரிசை தள்ளி இருக்கிறது என்று காட்டும் முறை) மாற்றிப் பார்க்கிறேன். அந்த முறையில் ஒரு நெடுவரிசையின் எல்லா ஃபார்முலாவும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும், ஒன்று வேறுபட்டாலும் தனியாகத் தெரியும்.

கூகுள் ஷீட்ஸுக்கு மாறலாம் என்ற யோசனையும் உண்டு. அங்கே பரப்பைப் பாதுகாக்கும்போது முழுத் தடை போடலாம், அல்லது எழுத விட்டு எச்சரிக்கை மட்டும் காட்டலாம். பாஸ்வேர்டு இல்லாத பூட்டால் நாங்கள் தேடியதும் அந்த எச்சரிக்கையைத்தான். யாருக்கு அனுமதி என்று ஆள் வாரியாகவும் சொல்லலாம், ஒரு செல்லை யார் எப்போது மாற்றினார்கள் என்ற வரலாறும் கிடைக்கும். நினைவில்லாத அந்த நான்கு செல்லுக்கு அப்படி ஒரு வரலாறு இருந்திருந்தால் பாதி வேலை மிச்சம். அலுவலகம் இன்னும் முடிவெடுக்கவில்லை.

ஆண்டு முடிவில் 'காரணம்' நெடுவரிசையை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தோம். 23 சரிக்கட்டல்கள், அதில் 17 நள்ளிரவு தாண்டிய வேலை. அடுத்த ஆண்டு ஷீட்டில் நேரம் வேலை தொடங்கிய நாளின் செல்லிலேயே பதிவாகும்படி மாற்றியிருக்கிறோம், சரிக்கட்டல் நெடுவரிசை மீதி ஆறு போன்றவற்றுக்காக இருக்கட்டும் என்று விட்டிருக்கிறோம்.